ரெண்டு கட்டை மேலே

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இந்த டைரியை எங்கள் பம்ப் கம்பெனி ஜனவரியில் கொடுத்தது. முதல் நாலு பக்கம் குதிரைத்திறன் அட்டவணை, கடைசி நாலு பக்கம் டீலர்கள் விலாசம். நடுவில் மிச்சமிருப்பதில் நம் வாழ்க்கையை எழுதிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக விட்டிருக்கிறார்கள். எட்டு மாதமாக இதன்மேல் பூங்கொடி தோசைக்கல்லை இறக்கி வைத்துக்கொண்டிருந்ததால் அட்டையில் வட்டமாகக் கரி.

இன்று அவளே துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று நாளாக நான் செபா விஷயத்தையே பேசிக்கொண்டிருக்கிறேனாம். "ஏனுங்க, எங்கிட்டச் சொன்னதையே சொல்றதுக்கு இதுல எழுதி வெச்சிருங்க. அது திருப்பிக் கேள்வி கேக்காது" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். செபாஸ்டின் 'மில் கேட்' குழுவை விட்டுப் போய்விட்டான். அவனாகத்தான் போனான். யாரும் போகச் சொல்லவில்லை.

மில் கேட் எங்கள் மெல்லிசைக் குழு. சிங்காநல்லூரில் பூட்டிக் கிடக்கும் ஒரு மில்லின் வாசலுக்கு எதிரே, கனகுவின் பைக் ஒர்க்‌ஷாப் மாடியில் பயிற்சி செய்வதால் அந்தப் பெயர். பாட்டு செபா, கீபோர்டு நான், டிரம்ஸ் கனகு. நாங்கள் மூவரும் இருபத்து நாலு வருடம். கிதார் வாசிக்கும் பிரணவ் மட்டும் மூன்று வருடம். அவன் என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறான், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. பிரணவ் ஊரில் இல்லை, மூன்று பேரே சமாளித்தோம். செபா எப்போதும் பாடும் உச்சஸ்தாயிப் பாட்டு, கல்லூரிக் காலத்திலிருந்து அவனுக்குக் கைதட்டல் வாங்கித்தரும் பாட்டு. சரணத்தில் குரல் உடைந்தது. லேசாக அல்ல, அறுநூறு பேர் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எட்டிப் பார்க்கும்படி உடைந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாட்டை எப்படியோ முடித்துவிட்டு மேடையை விட்டு இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. மறுநாள் போனில் "போதுண்டா லோகு, முடிஞ்சுது" என்றான்.

நாற்பத்தெட்டு வயதாகிறது. தொண்டை என்ன இரும்பா? கனகு கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். வண்டியில் வரும்போது செபாவிடமும் இதைத்தான் சொன்னேன், ஆறுதலாகத்தான்.

இந்த டைரியில் கோடுகளை மிகவும் மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ரேஸ்கோர்ஸ் பக்கத்துக் கிளப்பிலிருந்து அழைப்பு. பத்து வருடமாக நாங்கள் உள்ளே நுழையத் தவம் கிடந்த இடம். செப்டம்பர் 22 ஞாயிறு மதியம் அவர்களுடைய குடும்ப தினம். செயலாளர் வரதராஜுலு, முழுக் குழுவும் உண்டுதானே, நல்ல பாடகர் உண்டுதானே என்று கேட்டார். உண்டு சார் என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பாடகனாக நானே போயிருக்கலாம்.

எங்கள் எம்.டி. அந்தக் கிளப்பில் உறுப்பினர். பதினெட்டு வருடமாக அவருக்கு நான் போல்ட், நட் வாங்கிப் போடுகிற பர்ச்சேஸ் லோகநாதன். அன்றைக்காவது என்னை வேறு மாதிரிப் பார்ப்பார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பாடகர் தேடினோம். முதலில் வந்தவர் தன் குரலைக் கேட்டுத் தானே கண்கலங்கினார். இரண்டாமவர், எதிரொலி கருவி இருந்தால்தான் தனக்குப் பாட்டு வரும் என்றார். மூன்றாவதாகத் தேன்மொழி வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, முப்பது வயது. பையை இறக்கி வைத்தாள், தண்ணீர் குடித்தாள், ஒரு பல்லவி பாடினாள். கனகு டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். நான் எடைபோடுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் கனகு அவளுக்கு டீ சொல்லி, பயிற்சி நேரத்தையும் சொல்லிவிட்டான். குழுவின் தலைவர் யார் என்று அவனுக்கு யாராவது நினைவுபடுத்த வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

புதுப் பாடகி என்றால் எல்லாப் பாட்டுக்கும் புது ஸ்ருதி. ஆண் பாடுகிற உயரம் வேறு, பெண் பாடுகிற உயரம் வேறு. ஸ்ருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். செபாவுக்கு ஒரு கட்டைக்கும் கொஞ்சம் கீழே. தேன்மொழிக்குப் பாட்டுக்குப் பாட்டு மாறும், நாலு கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டை வரை.

இங்கே ஒரு ரகசியத்தை எழுதியாக வேண்டும், இந்தத் தோசைக்கல் டைரி யாரிடமும் சொல்லாது. எனக்கு ஒரு கட்டை ஸ்ருதியில் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். வெள்ளை கீக்கள் மட்டும். கறுப்பு கீக்கள் என் கீபோர்டில் அழகுக்காக இருக்கின்றன. மற்ற ஸ்ருதிக்கெல்லாம் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் கீபோர்டே மேலேயும் கீழேயும் நகர்ந்துகொள்ளும், விரல் அதே வெள்ளைக் கீக்களில் உலாவும். சின்னத் திரையில் எண் வரும், ஒரு எண்ணுக்கு அரைக் கட்டை. மேலே போனால் வெறும் எண், கீழே போனால் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு. செபாவின் உச்சஸ்தாயிப் பாட்டுக்கு மைனஸ் 2. இருபத்து நாலு வருடக் கலைவாழ்வின் மொத்த வித்தை இந்தப் பட்டன்தான்.

திரை தயாரித்தவனுக்குச் சிக்கன புத்தி. அந்தக் கோடு ஒரு எறும்புக் கால் அளவு.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. தினசரி காலண்டரைப் பார்த்து நல்ல நேரம் சொன்னேன், பூஜை நடந்தது. மதியம் கீழ்வீட்டு அம்மா வந்து, ராகு காலத்தில் பிள்ளையாரை உட்கார வைத்திருக்கிறீர்களே என்றார். பூங்கொடி காலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். காலண்டர்க்காரர்கள் இப்போது எழுத்தைச் சிறிதாக்கிவிட்டு விளம்பரத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று விளக்கினேன். செபா அண்ணன் கடைக்குப் போய்க் கண்ணைக் காட்டுங்கள் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறாளாம்.

செபாவுக்கு ஒப்பணக்கார வீதியில் கண்ணாடிக் கடை. அவனும் இரண்டு வருடமாகச் சொல்கிறான். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டை கனகுவுக்கு முன்னால் நான்தான் படிப்பேன்.

ஒவ்வொரு வருடமும் இன்றைக்குச் செபா வந்து கொழுக்கட்டை சாப்பிடுவான். எங்கள் பிள்ளையாருக்குப் பங்கு வைக்காமல் தின்கிற ஒரே கிறிஸ்தவன் என்று பூங்கொடி கேலி செய்வாள். இந்த வருடம் வரவில்லை. பத்து கொழுக்கட்டை மிச்சம். அதில் எட்டை நான் தின்றேன், வயிறு சரியில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

பிரணவ் இன்று ஆறு முறை அங்கிள் என்றான். எண்ணினேன்.

செப்டம்பர் 14, சனி

பயிற்சி நன்றாகப் போகிறது. தேன்மொழி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறாள். இன்று ஓய்வு நேரத்தில் அவள் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பொள்ளாச்சிக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் யாரோ போட்டிருக்கிறார்கள்.

"இதைப் பாத்துத்தான் செபா அண்ணனோட பாட்டை நாம பாடவே கூடாதுன்னு முடிவு பண்ணேனுங்க" என்றாள்.

குரல் உடைந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்து, பாவம், வயது என்று ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அதில்லீங்கண்ணா. இவரு பழைய வீடியோ பூரா பாத்துட்டேன். எப்பவும் பாடுறதைவிட இதுல ரெண்டு கட்டை மேல எடுத்திருக்காரு. அந்த ஒசரத்துல எந்த ஆம்பளையும் சரணம் பாட முடியாது. அதுலயும் முக்காவாசி பாடிட்டாருங்க. எதுக்கு இப்படி ஒரு விஷப் பரீட்சை பண்ணாரு?"

அவனுக்கு அந்த மாதிரி வீம்பு உண்டு என்று சொல்லிவிட்டு, பாத்ரூம் எங்கே என்று கனகுவிடம் கேட்டேன். இருபத்து நாலு வருடமாக நான் போய்க்கொண்டிருக்கும் பாத்ரூம். கனகு என்னை ஒருமாதிரி பார்த்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கனகு போன் செய்தான். அவன் மனைவியின் தோழி செபா போகும் சர்ச்சுக்குத்தான் போகிறாளாம். செபா இப்போது பாடகர் குழுவில் நிற்பதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் பாடும்போது புத்தகத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டிருக்கிறான். இன்று மூன்றாவது ஞாயிறு. பாட்டு வாத்தியார் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டும், தன் தொண்டை போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள்.

பதினாறு வயதிலிருந்து அங்கே பாடுகிறான்.

நிகழ்ச்சி முடியட்டும், பேசிக்கொள்ளலாம். இப்போது போய் மனதைக் குழப்பக் கூடாது. யார் மனதை என்று பூங்கொடி கேட்டாள். இந்த டைரியைப் போல அவளும் திருப்பிக் கேள்வி கேட்காமல் இருந்தால் நன்றாயிருக்கும்.

பொள்ளாச்சியில் மூட்டை கட்டும்போது திரையில் ஏதோ எண் இருந்தது. நான் சரியாகக் கவனிக்கவில்லை. அணைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

ஆபீஸ் வேலையாக டவுன்ஹால் பக்கம் போனேன். ஆபீஸ் வேலை ஒன்றும் இல்லை, ஆனால் போனேன். செபாவின் கடைக்கு எதிரே உள்ள பேக்கரியில் ஒரு டீ, ஒரு தேங்காய் பன், மறுபடியும் ஒரு டீ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கும்போது எப்போதும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டேதான் துடைப்பான். இன்று உதடு அசையவில்லை. இத்தனை தூரத்திலிருந்தும் எனக்கு அது துல்லியமாகத் தெரிந்தது. தூரத்துப் பார்வையில் எனக்குக் குறையே இல்லை.

மூன்றாவது டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21, சனி

கிளப்பிலிருந்து விதிமுறை வந்திருக்கிறது. காலர் வைத்த சட்டை, ஷூ. மேடைக்காரர்களுக்கும் உண்டு. கனகு வெறுங்காலில்தான் டிரம்ஸ் மிதிப்பான். கால் கட்டைவிரலில்தான் தனக்குத் தாளம் இருக்கிறது என்று சாதிக்கிறான். கடைசியில் தன் மச்சானின் கல்யாண ஷூவை வாங்கி வந்திருக்கிறான், ஒரு சைஸ் பெரியது. உள்ளே பழைய சாக்ஸைத் திணித்து மிதித்துப் பார்த்தான். அடி விழுந்த பிறகு ஷூ தனியாக இன்னொரு அடி போடுகிறது.

பாட்டு வரிசையையும் ஸ்ருதி எண்களையும் பூங்கொடி பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். பட்டன் திரையையும் அவளே பெரிதாக எழுதித் தந்தால் தேவலை.

செப்டம்பர் 22, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

நீச்சல் குளத்தை ஒட்டிய புல்தரையில் பந்தல். புரட்டாசி பிறந்துவிட்டதால் பஃபேயில் சிக்கன் பக்கம் ஆளில்லை, பனீர் பக்கம் தள்ளுமுள்ளு. எம்.டி. குடும்பத்தோடு இரண்டாவது மேசையில் இருந்தார். என்னைப் பார்த்து, "லோகநாதன், பம்ப்செட் ஏதாச்சும் ரிப்பேரா?" என்றார். நான் வாசிக்க வந்திருக்கிறேன் சார் என்றேன். அவர் மனைவி ஆச்சரியமாகப் பார்த்தார். அதற்காகத்தான் பத்து வருடம் தவம் கிடந்தேன், கிடைத்தது.

முதல் மூன்று பாட்டு அமர்க்களம். தேன்மொழி மைக்கைப் பிடித்து நின்ற விதத்திலேயே பாதிப் பேர் தட்டை வைத்துவிட்டார்கள். கனகுவின் ஷூ போட்ட உபரி அடியைக்கூடப் புது ஸ்டைல் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். பிறகு தம்போலா ஆட்டம். எங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு வரதராஜுலு முக்கால் மணி நேரம் எண்களைக் கூவினார். எங்கள் பாட்டுக்கு இல்லாத பரபரப்பு அந்த எண்களுக்கு இருந்தது.

ஆட்டம் முடிந்து நாலாவது பாட்டு. பூங்கொடியின் காகிதத்தில் பெரிதாக மைனஸ் 4 என்று இருந்தது. பட்டனை அமுக்கினேன். திரையில் 4 தெரிந்தது. முன்னால் கோடு இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. முன்னிசையை வாசித்தேன், எனக்கே பிடித்துப்போகும் அளவுக்கு வாசித்தேன். பிறகு பிரணவின் கிதார் உள்ளே வந்தது.

ஒரே தெருவில் இரண்டு கல்யாண ஊர்வலம் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டதுபோல இருந்தது. குழந்தைகள் காதைப் பொத்தினார்கள். என் தலை தானாகப் பிரணவின் பக்கம் திரும்பி, என்னப்பா இது என்பதுபோல அசைந்தது. தப்பு அவனுடையது என்று ஊருக்குக் காட்ட. நான் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமலே அது வருகிறது என்பதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

தேன்மொழி கையை உயர்த்தி நிறுத்தினாள். நேராக என்னிடம் வந்தாள். குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு பட்டனைக் கீழ்நோக்கி எட்டு முறை அமுக்கினாள். மைக் அவள் கையிலேயே இருந்ததால் எட்டு டிக் சத்தமும் கிளப் முழுக்கக் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க. எங்க அண்ணனுக்கு அவசரமா ஒரு கண்ணாடி வேணும். மறுபடி மொதல்ல இருந்து பாடிறலாம்" என்றாள்.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. எம்.டி. சத்தமாகவே சிரித்தார். ஒரு நிமிடத்தில் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட பரிசாரகர் ஒரு வெள்ளித் தட்டோடு மேடைக்கு வந்தார். தட்டில் மடித்த நாப்கின், அதன்மேல் வரதராஜுலுவின் படிக்கும் கண்ணாடி. தங்க நிறச் சங்கிலி வேறு. கைதட்டலுக்கு நடுவே அதை மாட்டிக்கொண்டேன்.

திரை சுத்தமாகத் தெரிந்தது. எண்ணும், அதற்கு முன்னால் கோடும். எறும்புக் கால் அல்ல, நல்ல நீளமான கோடு. கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்தபோது கனகு தெரிந்தான். எல்லாரும் சிரிக்கும்போது அவன் மட்டும் சிரிக்கவில்லை. குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிச்ச ஒன்பது பாட்டும் பிசகில்லாமல் போனது. வண்டியில் சாமான் ஏற்றும்போது கனகு ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"பொள்ளாச்சில அந்தப் பாட்டுக்கு என்ன நம்பருங்ண்ணா?"

"மைனஸ் ரெண்டு."

"இருந்துச்சா?"

இல்லை என்றேன். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவன் ஷூவுக்குள்ளிருந்து பழைய சாக்ஸை உருவி எடுத்தான். பிறகு, "நான் செபாகிட்டச் சொல்ல மாட்டேனுங்க. நீங்கதான் சொல்லோணும். சொல்ற வரைக்கும் மாடிச் சாவி எங்கிட்டயே இருக்கட்டும்" என்றான். நியாயம்தான், அது அவன் மாடி.

இனி எழுதாமல் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பொள்ளாச்சியில் பல்லவி எடுத்ததுமே செபா திரும்பி என்னைப் பார்த்தான். சரியாகத்தான் இருக்கிறது, போ என்று தலையாட்டினேன். அப்போது நிஜமாகவே எனக்குத் தெரியாது. மூட்டை கட்டும்போது ரெண்டடி தள்ளி நின்றேன். தள்ளி நின்றால் எனக்கு எல்லாம் தெரியும். திரையில் வெறும் 2. கோடு இல்லை. ரெண்டு கட்டை மேலே தூக்கி அவனை நிறுத்தியிருக்கிறேன். அந்த நேரம் செபா பத்தடி தூரத்தில் தண்ணீர் பாட்டிலோடு குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அவன் தோளில் கை வைத்து, வயசாச்சுடா என்றேன்.

கண்ணுக்கு வயதானது எனக்கு. அதைக் கொண்டுபோய் அவன் தொண்டையில் வைத்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

லீவு போட்டேன். இந்த முறை பேக்கரிக்குப் போகவில்லை.

கடையில் உடைந்த ஃபிரேமோடு ஒரு போலீஸ்காரர் காத்திருந்தார். செபா என்னைப் பார்த்ததும் முகத்தில் எதையும் காட்டவில்லை. "கண்ணு பாக்க வந்தியா? உக்காரு" என்றான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் எனக்கு மறந்துவிட்டது. உட்கார்ந்தேன். அந்தக் கனமான வட்ட ஃபிரேமை மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகினான். சின்ன எழுத்து அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னான். மேல் இரண்டு வரிக்குமேல் இறங்க முடியவில்லை. லென்ஸை மாற்றினான், இன்னும் இரண்டு வரி. மறுபடி மாற்றினான், அட்டை முழுக்கத் தெரிந்தது. "பிளஸ் ரெண்டு. ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா ஒண்ணுல முடிஞ்சிருக்கும்" என்றான்.

அந்தக் கோமாளி ஃபிரேமோடேதான் சொன்னேன். பட்டன், கோடு, மூட்டை கட்டும்போது பார்த்தது, பார்த்துவிட்டு அணைத்தது, வண்டியில் சொன்ன ஆறுதல், எல்லாவற்றையும். போலீஸ்காரர் தன் வாக்குமூலப் பழக்கத்தில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

செபா என் பக்கமிருந்து திரும்பிக்கொண்டான். லென்ஸ் பெட்டியின் வரிசைகளைச் சரிசெய்தான், சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தான். எனக்கு அந்த நேரத்தில் அவன் திட்ட மாட்டானா என்றிருந்தது.

"பல்லவிலயே எனக்குச் சந்தேகம் வந்துச்சுடா" என்றான். "அதுக்குத்தான் திரும்பி உன்னைப் பாத்தேன். நீ தலையாட்டுன. என்ற தொண்டை சொன்னதை நான் நம்பலை. உன்ற தலையை நம்புனேன்."

நான் அழுதேன். அந்த ஃபிரேமுக்குள் கண்ணீர் வந்தால் துடைக்கவும் வழியில்லை, லென்ஸ் நடுவில் இருக்கிறது. அவனே ஃபிரேமைக் கழற்றி, லென்ஸ் துடைக்கும் துணியைக் கொடுத்தான். "மூணு ஞாயித்துக்கெழமையா நாலாவது ஞாயித்துக்கெழமையா, கர்த்தர் முன்னாடி ஊமையா உக்காந்திருக்கேன். அதை நீ எப்பிடித் திருப்பித் தருவே?" என்றான். திருப்பித் தர என் கையில் அந்தத் துணி மட்டும்தான் இருந்தது, கொடுத்தேன்.

பிறகு ஃபிரேமை மறுபடி என் மூக்கில் மாட்டினான். "போன்ல கீபோர்டு இருக்குதல்ல? என்ற ஸ்ருதியைக் குடு."

இருந்தது. ஆனால் அந்தப் போன் கீபோர்டில் நகர்த்தும் பட்டன் இல்லை. செபாவின் ஸ்ருதி ஒரு கறுப்பு கீ. எது என்று விரல்விட்டு எண்ணித்தான் கண்டுபிடித்தேன். இருபத்து நாலு வருடத்தில் முதல்முறையாக ஒரு கறுப்பு கீயைத் தொட்டேன், என் விரல் அதற்கே வெட்கப்பட்டது. கீ லென்ஸுக்குள் பளிச்சென்று தெரிந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அவன் கதவைப் பார்த்தபடி நின்றான். பல்லவியை மெதுவாக எடுத்தான். குரலில் ஒரு மாதத் துரு இருந்தது. சரணத்துக்கு முன்னால் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான், பொள்ளாச்சியில் பார்த்த அதே பார்வை. நான் தலையாட்டவில்லை. போனைத் திருப்பி, என் விரல் எந்தக் கீயில் இருக்கிறது என்று அவனுக்கே காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு மேலே போனான்.

உடையவில்லை. அந்த உச்சத்தில் அவன் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றான், வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். போலீஸ்காரர், சார் அந்தக் கடைசி வரியை இன்னொருக்கா பாடுங்க என்றார். செபா பாடினான், அவருக்காக.

திரும்பி வருவாயா என்று கேட்டேன். தேன்மொழி இருக்கட்டும், அவளை அனுப்பினால் தான் வர மாட்டேன் என்றான். அவளைப் பற்றிக் கனகு ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருக்கிறான். இனி ஒரு மேடையில் இரண்டு குரல், ஒவ்வொரு பாட்டுக்கும் பட்டன் ஏறி இறங்க வேண்டும். "பட்டனை அந்தப் புள்ளையே அமுக்கட்டும். நீ கையை வெள்ளையில வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றான். உன்மேல் கோபம் போய்விட்டது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

கண்ணாடி வந்துவிட்டது. பூங்கொடி பார்த்துவிட்டு, ரிட்டயர் ஆன தலைமையாசிரியர் மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். கனகு மாடிச் சாவியைத் தந்துவிட்டான். பிரணவிடம் கிளப்பில் தலையாட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை அங்கிள் என்றான். பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் செபா பாடுகிறானாம். கடைசி பெஞ்சில் இடம் காலியாகத்தான் இருக்கும், நான் போய் உட்காரப் போகிறேன்.

சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். கோடுகள் மங்கலாக இல்லை, நன்றாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 27ஆம் தேதிப் பக்கத்தில் 'அவனாகத்தான் போனான். யாரும் போகச் சொல்லவில்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: நான்தான் அனுப்பினேன்.